ரேஷன் அரிசியும் பஞ்சமி நிலமும்



ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் நினைவாக நடக்கும் கூட்டத்துக்கு அழைத்தபோது, பஞ்சமி நில மீட்பைப் பற்றி நான் பேசுவேன் என்று மன்றத் தோழர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போன மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. அந்த இருவரும் செத்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு துண்டுக் காகிதமா, கௌரவமா, சோறா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நிலம் கேட்கிறவன் மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறான்.

உணவுப் பாதுகாப்பு என்றால் நம் காலனிகளில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரேஷன் கடை. அது சரிதான். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்க்காமல் பொது விநியோகத்தை எல்லோருக்குமாக வைத்திருக்கும் மாநிலம் இது. இலவச அரிசியால் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் எரிச்சலைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இருக்காது. பண்ணைக்காரர் வீட்டு வாசலில் நின்று நெல் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடனைத் தையில் உழைத்துக் கழிக்க வேண்டும், அவர் சொன்ன கூலிக்கு. அந்தக் கயிற்றை அறுத்ததில் ரேஷன் அரிசிக்குப் பங்குண்டு. வீட்டில் ஒரு மாதத்து அரிசி இருக்கிறவளால்தான் இந்தக் கூலிக்கு வர முடியாது என்று சொல்ல முடியும். ஆகவே ரேஷனைக் குறைத்துப் பேசுகிற எந்த ‘இயற்கை வாழ்வியல்’ பேச்சோடும் எனக்கு உறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பையில் என்ன இருக்கிறது? அரிசி, சர்க்கரை, கொஞ்சம் பருப்பு, பாமாயில். வயிறு நிறைகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். பசி குறைந்துவிட்டது, இரத்தம் ஏறவில்லை. நம் பாட்டிமார் சாப்பிட்ட கேழ்வரகும் கம்பும் வரகும் தட்டிலிருந்து போய்விட்டன. களையெடுக்கப் போன இடத்தில் மடியில் கட்டிவந்த பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, வரப்போரத்து நண்டு, நத்தை எல்லாம் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வந்த பிறகு போய்விட்டன. இவை கணக்கில் வராத உணவு. நிலம் இல்லாதவர்களுக்கு அடுத்தவர் நிலம் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்த உணவு. ஒரு லிட்டர் களைக்கொல்லி கூலிக்காரியின் வேலையையும் குழம்பையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்கிறது. இதை எந்த வேளாண் பல்கலைக்கழகமும் நட்டமாக எழுதாது.

இந்த மண்ணைப் பார்ப்போம். காடாம்புலியூரைச் சுற்றிச் செம்மண், முந்திரி, பலா. வடக்கே பண்ருட்டிச் சந்தை. தெற்கே நெய்வேலிச் சுரங்கம். இன்னும் கொஞ்சம் போனால் வடலூர். கடலூர் மாவட்ட மக்களில் கிட்டத்தட்ட முப்பது விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கு. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இங்கே முந்திரி விளைகிறது. அதை விளைவிக்கிற, பொறுக்குகிற, உடைக்கிற கை நம்முடையது. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிற பெண்களின் விரல்களை இங்கிருக்கும் பலர் உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியில் விரல் பதியாமல் நிற்கிற பெண்கள் உண்டு. முந்திரி உடைத்துத் தேய்ந்த விரல், அரிசி வாங்கவும் உதவாமல் போகிறது.

பண்ருட்டித் தொழிற்கூடங்களில் உடைபடும் கொட்டையெல்லாம் இந்த மண்ணில் விளைந்தது என்று நினைக்காதீர்கள். இங்கே விளைவது போதாமல் ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வருகிறது. அங்கே ஒரு சிறு விவசாயி கொட்டையைப் பொறுக்கி விற்கிறான். இங்கே ஒரு காலனிப் பெண் உடைக்கிறாள். பருப்பை மூன்றாவது ஆள் ஒருவன் எங்கோ சாப்பிடுகிறான். அந்த விவசாயிக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் இருவர் பிரச்சினையும் ஒன்றுதான். கை படுகிற பொருள் வாய்க்கு வருவதில்லை. எதை விதைப்பது என்று முடிவுசெய்கிற இடத்தில் அவர்கள் இல்லை. ஆப்பிரிக்காவுக்குப் பிறகு வருகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்தில் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று வைத்து அது காய்ப்புக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். மரத்துக்கு நிவாரணம் என்றால் அது சிட்டாவில் பெயர் உள்ளவருக்கு. அந்த மரத்தடியில் வருடத்தில் சில மாதம் பிழைத்தவருக்குச் சிட்டா ஏது? 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்தோண்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வயிறு எரிந்தது. நில உரிமையாளருக்கு எவ்வளவு, வீட்டுக்கு ஒரு வேலையா இல்லையா என்று பேச்சு நடந்தது. நடக்க வேண்டிய பேச்சுதான். அந்த வயலில் நாற்று நட்டவளின் பெயர் அந்தப் பேச்சில் எத்தனை முறை வந்தது? நிலம் எடுப்பதற்கான 2013 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்துவரும் விவசாயக் கூலிகளையும் குத்தகைக்காரர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்கள் அந்த மூன்றாம் பிரிவை எடுத்துப் படியுங்கள்.

1956-இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். ஒரு காலத்தில் துளை போட்டால் தானாகப் பொங்கிய தண்ணீர் இது. நீர்மட்டம் கீழே இறங்க இறங்க, ஆழ்குழாய் போட வசதி உள்ளவன் நீரைத் துரத்திக்கொண்டு போகிறான். ஒரு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் நம் ஆள் முதலில் தோற்கிறான், பிறகு விற்கிறான்.

வடலூரைச் சொன்னேன். வள்ளலார் 1867-இல் அங்கே சத்திய தருமச்சாலையை நிறுவினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி பார்க்காமல் பசித்தவர் எல்லோருக்கும் சோறு என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த அடுப்பு எரிவதற்கும் நிலம் வேண்டியிருந்தது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி எழுதிக்கொடுத்தார்கள். தருமத்துக்கே நிலம் வேண்டுமென்றால் உரிமைக்கு வேண்டாமா?

இப்போது இயற்கை வேளாண்மைக்கு வருகிறேன். நம்மாழ்வார் பெரிய உழைப்பாளி. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உப்பேறிய வயல்களை மீட்க அவர் உழைத்ததை மறக்க முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் கிளம்பிய பேச்சு ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் விவசாயம், பாரம்பரிய விவசாயம், அந்தப் பொற்காலம் என்று. யாருடைய முன்னோர்? அந்தப் பொற்காலத்தில் விடியற்காலை தொழுவத்துச் சாணியை அள்ளியவன் யார்? படியாள் என்றும் பண்ணையாள் என்றும் பெயர் வைத்தது எந்தப் பாரம்பரியம்? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது பூச்சிமருந்து அல்ல. கூலியாக நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். மண்ணில் நஞ்சு இல்லாமல் விளைவித்தால் போதும், மண்ணைச் சுற்றி இருக்கிற நஞ்சு இருக்கட்டும் என்கிற விவசாயம் நமக்கு எதற்கு? இன்னொரு வேடிக்கை. கேழ்வரகுக் கூழ் குடிக்கிறவன் என்று நம்மைக் கேலி செய்தார்கள். அதே கேழ்வரகு இன்று பட்டணத்துக் கடையில் கண்ணாடிப் புட்டிக்குள் ஏறி, நாம் வாங்க முடியாத விலையில் நிற்கிறது.

அதற்காக ரசாயன விவசாயத்துக்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. கடன் வாங்கி உரம் போட்டு ஒரே பயிரை வைப்பவன், மழை பொய்த்தால் நிலத்தையே இழக்கிறான். இதில் முதலில் விழுவது நாம். கேள்வி இதுதான்: இடுபொருளுக்குக் கடன் வாங்காத, பல பயிர் வைக்கிற, மண்ணைக் கெடுக்காத விவசாயத்தை நிலமற்றவர்கள், அதிலும் தலித் பெண்கள், தங்கள் கையில் எடுத்தால் என்ன ஆகும்? இது நடந்திருக்கிறது. விவரமாகவே சொல்கிறேன்.

தெலங்கானாவில் சகீராபாத் என்று ஒரு ஊர். அப்போது மேதக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி. மழை குறைவு, மண் மெலிந்தது. 1983-இல் அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான பி. வி. சதீஷ் 2023-இல் காலமானார். ஊர் ஊராக ஏழைப் பெண்களின் சங்கங்கள் அமைந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அரசு ஏழைகளுக்கென்று கொடுத்த நிலம் சிலரிடம் இருந்தது. கல்லும் கரம்புமாக, யாருக்கும் வேண்டாததாகப் பார்த்துக் கொடுத்த நிலம். அதைத் தரிசாகப் போட்டுவிட்டு அவர்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் வந்தது. அரிசி வந்ததும் சோளம் போனது. சோளம் போனதும் நிலம் இன்னும் தரிசாயிற்று.

அந்தப் பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். எங்கோ தண்ணீர் பாய்ச்சி விளைந்த அரிசியைக் கொள்முதல் செய்து, கிடங்கில் வைத்து, லாரியில் ஏற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுவரச் செலவு செய்கிறீர்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எங்கள் தரிசைத் திருத்தக் கடனாகக் கொடுத்தால், எங்கள் ரேஷனை நாங்களே விளைவித்துக்கொள்ள மாட்டோமா? 1990-களின் நடுவில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் உதவியோடு அது தொடங்கியது. முப்பது கிராமங்களுக்கு மேல், 2,600 ஏக்கருக்கும் அதிகமான தரிசு உழவுக்கு வந்தது. கல் பொறுக்கினார்கள், வரப்பு போட்டார்கள், எரு அடித்தார்கள். அந்த வேலைக்கே கூலி கிடைத்தது. சோளத்தோடு துவரையும் பயறும் கலந்து விதைத்தார்கள். கடனைப் பணமாகத் திருப்பவில்லை. ஐந்து ஆண்டுகளில் தானியமாகத் திருப்பினார்கள். யாருக்குத் திருப்பினார்கள் தெரியுமா? வங்கிக்கு அல்ல, ஊருக்குள் இருந்த தானியக் களஞ்சியத்துக்கு.

அடுத்தது இன்னும் முக்கியம். களஞ்சியத்துத் தானியம் யாருக்கு? வறுமைக் கோட்டுப் பட்டியலைத் தாசில்தார் எழுதவில்லை. ஊர்க்காரர்கள் தெருவில் கூடி, எந்த வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் தனியாக இருக்கும் பெண், எந்த வீட்டில் வேலைக்குப் போக முடியாத முதியவர் என்று எல்லோர் முன்னிலையிலும் வரிசைப்படுத்தினார்கள். அதிகப் பசி உள்ள வீட்டுக்கு அதிகத் தானியம். வேலை கிடைக்காத மாதங்களில், சந்தையைவிடக் குறைந்த விலையில். அந்தப் பட்டியலைப் பெண்களின் குழு நடத்தியது. வாங்குகிறவள் யாரிடமும் கை ஏந்தவில்லை. அந்தத் தானியத்தை விளைவித்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

விதையும் அவர்களுடையது. வீட்டில் சாம்பலும் வேப்பிலையும் கலந்து விதையைக் கட்டிவைப்பதும், இல்லாதவளுக்குக் கொடுத்து அறுவடையில் கூடுதலாகத் திரும்ப வாங்குவதும் பெண்களின் வழக்கம். அதைச் சங்கத்தின் விதைக் களஞ்சியமாக்கினார்கள். ஒரே வயலில் இருபது வகைப் பயிர் வைப்பார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். களை என்று ஒதுக்கப்பட்ட கீரைகளைப் பெயர் பெயராகக் கணக்கெடுத்தார்கள்; பயிரிடாத உணவும் ஏழையின் உணவு என்று எழுதிவைத்தார்கள். படிக்காத தலித் பெண்கள் வீடியோ கேமராவைக் கையில் எடுத்துப் படம் எடுத்தார்கள். 2008-இல் சங்கம் ரேடியோ என்ற பெயரில் தங்கள் வானொலியைத் தொடங்கினார்கள். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது. விருது பெரிதில்லை. முன்பு கூலிக்குக் கூப்பிட்டவர் வீட்டுப் பெண்மணி விதை கேட்டுச் சேரிக்கு வர வேண்டியிருந்தது. அதுதான் பெரிது.

இதைக் குறையில்லாத சொர்க்கமாக வர்ணிக்க நான் வரவில்லை. வெளியிலிருந்து வரும் நிதியையும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தோளையும் சார்ந்தே அது வளர்ந்தது. பக்கத்து வயலில் பருத்தியும் கரும்பும் நல்ல பணம் பார்க்கும்போது சோளத்தில் நிற்பது எளிதல்ல. ஆனாலும், அரசு கொடுத்த மோசமான நிலத்திலிருந்துகூடச் சோறு எடுக்க முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

பஞ்சாப் வேறு வகை. பசுமைப் புரட்சியின் களஞ்சியம். மக்கள்தொகையில் மூன்றில் ஒருவர் தலித். நிலத்தில் அவர்கள் பங்கு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டாது. அங்கே 1961 ஆம் ஆண்டுச் சட்டப்படி பஞ்சாயத்துப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குத்தான் குத்தகைக்கு விட வேண்டும். நடைமுறையில் ஜாட் நிலக்காரர் தன்னிடம் வேலை செய்யும் தலித்தைப் பினாமியாக ஏலத்தில் நிறுத்தித் தானே எடுத்துக்கொள்வார். 2014-இல் சங்ரூர் மாவட்டத்துத் தலித்துகள் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி என்ற பெயரில் திரண்டார்கள். பல்லத் கலான் போன்ற ஊர்களில் அடியும் வழக்கும் சிறையும் பட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகச் சாகுபடி செய்தார்கள். என்ன கிடைத்தது என்று கேட்டால் பெண்கள் முதலில் சொல்வது கோதுமையை அல்ல, மாட்டுத் தீவனத்தை. முன்பு புல்லுக்காக ஜாட் வயலுக்குள் போக வேண்டும். போனால் வசவு, அதைவிட மோசமானதும் நடக்கும். இப்போது தங்கள் வயலில் புல் அறுக்கிறார்கள். ஒரு கட்டுப் புல்லுக்காக இழந்த மானம் எவ்வளவு என்பது இந்தக் கூடாரத்தில் இருக்கும் அம்மாக்களுக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவுக்கு வருகிறேன் என்றேன். மலாவி நாட்டின் வடக்கே எக்வெண்டெனி என்ற இடத்தில் ஒரு மருத்துவமனை. சத்துக்குறைவான பிள்ளைகள் தேறி வீட்டுக்குப் போய், மறுபடி அதே நிலையில் வந்தார்கள். உர மானியம் போய் உரவிலை ஏறியதில் மக்காச்சோளம் விளையவில்லை என்றார்கள் தாய்மார்கள். 2000-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. மண், உணவு, நலமான சமூகங்கள் என்பது அதன் பெயரின் பொருள். எஸ்தர் லுபாஃபியா என்ற செவிலியர் அதில் முன்னின்றார். நிலக்கடலையும் துவரையும் சோயாவும் விதைத்து, காய் எடுத்தபின் செடியை மண்ணிலேயே புதைத்தார்கள். மண்ணுக்குத் தழைச்சத்து, பிள்ளைக்குப் பருப்பு. எந்தப் பயிர் எப்படி வருகிறது என்று சோதித்துப் பார்த்ததும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த ஊர் விவசாயிகளே.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. பெண்கள் விளைவித்த கடலையை ஆண்கள் விற்றுக் குடித்தார்கள். செடியைப் புதைக்கிற வேலையும் பெண்கள் தலையில் விழுந்தது. மண் வளமானது, பெண் மெலிந்தாள். பிறகு விவசாயக் கூட்டத்தோடு சேர்த்து வீட்டு வேலையைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். ஆண்களைக் கூப்பிட்டு எல்லோர் முன்னும் சமைக்க வைத்தார்கள். குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் மாமியார், பாட்டிமாரையும் உட்கார வைத்தார்கள். சிரித்துக்கொண்டே சமைத்த ஆண்களில் சிலர் பிறகு வீட்டிலும் சமைத்தார்கள். நம் இயக்கக் கூட்டங்களில் டீ போடுவது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஃபேனி லூ ஹேமர், அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கறுப்பினப் பெண். 1962-இல் வாக்காளராகப் பதிவுசெய்யப் போனதற்காக அவர் வேலை பார்த்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். வாக்குரிமை வந்த பிறகும் பட்டினி போட்டே மக்களைப் பணியவைக்க முடிகிறது என்று கண்டு, 1969-இல் விடுதலைப் பண்ணை என்ற கூட்டுறவைத் தொடங்கினார். நாற்பது ஏக்கரில் ஆரம்பித்து அறுநூறு ஏக்கருக்கு மேல் போனது. காய்கறி, பட்டாணி, அதோடு பன்றி வங்கி. ஒரு குடும்பம் பெண் பன்றியை வாங்கிவந்து, குட்டி போட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, குட்டிகளை மற்றக் குடும்பங்களோடு பகிரும். பன்றி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். கடனும் வெள்ளமும் வறட்சியும் அவர் உடல்நலமும் சேர்ந்து சில ஆண்டுகளில் அந்தப் பண்ணையை முடித்தன. 1977-இல் அவரும் இறந்தார். இதில் பாடம் உண்டு. ஒரு தலைவரின் உடம்பை நம்பிக் கூட்டுப் பண்ணை நடத்தக்கூடாது.

இப்போது மாணவர்கள் மனதில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறு என்றார். எங்கள் அப்பா அம்மா சேற்றில் உழன்று எங்களைப் படிக்க வைத்தார்கள். நீங்கள் மறுபடி வயலில் இறங்கச் சொல்கிறீர்களா? நியாயமான கேள்வி. நான் அதை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அந்தப் படிப்பால் வெளியே வந்தவன்தான்.

அம்பேத்கரை முழுதாகப் பார்ப்போம். 1918-இல், இளைஞராக இருந்தபோது, இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி எழுதினார். நிலத்தின் அளவு மட்டும் பிரச்சினை அல்ல, அதில் போடுகிற முதலும் கருவியும் இல்லாததும், விவசாயத்தில் ஆட்கள் தேங்கிக் கிடப்பதும்தான் பிரச்சினை. தொழில் வளர வேண்டும் என்றார். 1947-இல் ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் இன்னும் துணிந்து சொன்னார். விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும். நிலத்தைச் சாதி மதம் பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். அது கூட்டுப் பண்ணையாக நடக்க வேண்டும். நிலச்சுவான்தார், குத்தகையாள், நிலமற்ற கூலி என்ற மூவரும் இருக்கக் கூடாது. அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். எழுதவிடவில்லை. கிராமத்தை வெறுத்தவர் விவசாயத்தைக் கைவிடவில்லை. கிராமத்தின் சாதி உறவை உடைக்கிற விவசாயத்தைக் கேட்டார்.

அதனால் நான் சொல்வது இது. நீங்கள் படியுங்கள், வெளியேறுங்கள், சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போங்கள். உங்கள் அம்மா இங்கேதான் இருக்கிறாள். அவள் யார் வயலில், யார் சொன்ன கூலிக்கு, எந்த மருந்தின் நடுவில் நிற்கிறாள் என்பதுதான் கேள்வி. நிலம் என்பது உன்னை விவசாயியாக ஆக்குகிற விலங்கு அல்ல. ஊர்க் கட்டுப்பாடு விதித்து, கடையில் பொருள் கொடுக்காதே, வேலைக்குக் கூப்பிடாதே என்று சொல்கிற நாளில் காலனி எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதை நிலம்தான் தீர்மானிக்கிறது.

சரி, நிலம் எங்கே? செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் மேடைதோறும் சொல்லும் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் நம் மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ‘டி.சி.’ நிலம் என்ற குறிப்போடு இருந்தன. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற பட்டா திருத்தத்தில் அந்தக் குறிப்பு பல இடங்களில் காணாமல் போய், பட்டா வேறு பெயருக்கு மாறியது. துப்பாக்கி இல்லாமல், பேனாவால் எடுத்த நிலம்.

இன்று அரசு தாட்கோ வழியாக, நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க நன்னிலம் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் மானியம் தருகிறது. வரவேற்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பெண் தனியாக ஒரு ஏக்கர் வாங்கி, சுற்றிலும் ஊர்க்காரர் நிலமாக இருக்கும்போது, அவளுக்கு வழி விடுவது யார்? மோட்டார்த் தண்ணீர் கொடுப்பது யார்? பத்துப் பெண்கள் அடுத்தடுத்து வாங்கி ஒரே கிணறு, ஒரே வேலி, ஒரே களம் என்று நடத்தினால் வழியை அடைக்க முடியாது. இந்தக் கூட்டில் நம்மோடு இருளர் வீடுகளும், ஊருக்கு ஒன்றிரண்டாக இருக்கும் அருந்ததியர் வீடுகளும் இருக்க வேண்டும். மீட்ட நிலத்தில் நமக்குள் இருக்கும் மேல் கீழை நாமே மறுபடி நட்டால், மீட்டதற்கு அர்த்தமில்லை.

நிலம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரியைப் பெண்கள் குழு குத்தகைக்கு எடுக்கலாம். ஆடிப்பட்டத்தில் கம்பு, இடையில் துவரை, ஓரத்தில் காராமணி, ஆமணக்கு. விளைந்ததில் முதல் பங்கு விதைக்கு, அடுத்தது வீடுகளுக்கு, மிச்சம் இருந்தால் சந்தைக்கு. இந்த வரிசையை மாற்றச் சொல்லி ஆண்கள் வருவார்கள். களஞ்சியத்துச் சாவி அவர்களிடம் இருக்கக் கூடாது.

முதல் வேலைக்கு ரசீது புத்தகமோ கொடியோ தேவையில்லை. பண்ருட்டி வட்டத்தில் நம் மக்கள் இருக்கும் ஐந்து கிராமங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, இப்போதைய அ-பதிவேடு இரண்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்போம். பத்து ரூபாய் வில்லை ஒட்டிய ஒரு தாள் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சர்வே எண் சர்வே எண்ணாக ஒப்பிடும் வேலை முதுகலை மாணவர்களுக்கு. எந்த நிலம் யார் கையில் இருந்தது என்று வாய்மொழியாகச் சொல்லும் வேலை இங்கிருக்கும் பாட்டிமாருக்கு. மனு மாதிரியை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பின்வரிசை மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஊர்ப் பெயரைப் பூர்த்திசெய்து கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை மனுநாளுக்குக் கடலூர் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள்.